வண்டிக்கும் வில்லங்கம் பாருங்கள்!

உத்திரமேரூர் பக்கம் ஐந்து சென்ட் மனை வாங்குகிற யாரையும் கேட்டுப் பாருங்கள். பத்திரம் எழுதுகிறவரிடம் போவதற்கு முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்திருப்பார். மூலப் பத்திரம் யாரிடம் இருக்கிறது, பட்டா யார் பெயரில், சொசைட்டியில் பயிர்க்கடன் பாக்கி உண்டா, அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை முடிந்ததா என்று நாலு பேரிடம் விசாரித்திருப்பார். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கூட, "வில்லங்கம் போட்டுப் பாத்தியாப்பா?" என்று மகனைக் கேட்பார்.

அதே வீட்டில் மூன்று லட்சத்துக்கு ஒரு பழைய கார் வாங்கும்போது நடப்பது வேறு. தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போய் பானெட்டைத் திறந்து பார்க்கிறார்கள். கதவைத் தட்டி, பட்டி பார்த்து பெயின்ட் அடித்திருக்கிறதா என்று கேட்கிறார்கள். செங்கல்பட்டு ரோட்டில் ஒரு ரவுண்டு ஓட்டுகிறார்கள். பத்தாயிரம் குறைக்க அரை நாள் பேசுகிறார்கள். அந்தக் கார்மேல் யாருக்குக் கடன் பாக்கி என்ற கேள்வி கடைசியில், கிளம்பும் நேரத்தில் வருகிறது. "ஃபைனான்ஸ் எதுவும் இல்லையேண்ணே?" "அதெல்லாம் எப்பவோ முடிச்சாச்சு தம்பி." அத்தோடு சரி.

ஆறு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் இரண்டு பேர் பைக்கில் வந்து இறங்கும்போதுதான், அந்தப் பதிலைச் சரிபார்க்காமல் விட்டது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிகிறது. விற்றவர் போனை எடுப்பதில்லை. வாங்கியவர் கையில் இருப்பது முத்திரைத் தாளில் எழுதிய ஓர் ஒப்பந்தம். வந்தவர்கள் கையில் இருப்பது கடன் கணக்கு. வீட்டு வாசலிலிருந்து வண்டி போகிறது. நகை விற்ற பணமோ, நெல் போட்ட பணமோ, சீட்டு எடுத்த பணமோ அதோடு போகிறது.

இது விதியால் நடப்பதல்ல. முன்கூட்டியே பார்த்துத் தடுக்கக்கூடியது. பார்ப்பதற்கு வழியும் நம் கையிலேயே இருக்கிறது. ஆனால் அந்த வழி எதுவரை நம்மைக் காப்பாற்றும், எந்த இடத்தில் கைவிடும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

கார் ஊருக்குள் வந்த கதை

ஒரு தலைமுறைக்கு முன்பு இந்த வட்டாரத்தில் சொந்தக் கார் என்பது ஊருக்கு ஒன்றிரண்டு வீட்டுச் சமாச்சாரம். 1998இல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் வந்தது. சாலவாக்கம், மானாம்பதி, வாலாஜாபாத் பக்கத்துப் பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறத் தொடங்கினார்கள். நாள் முழுக்கக் காருக்குக் கதவு மாட்டுகிற பையனுக்குத் தன் வீட்டு வாசலிலும் ஒரு கார் நிற்க வேண்டும் என்று ஆசை வருவது நியாயம்தானே.

ஆசை மட்டும் காரணமில்லை. ராத்திரி பதினோரு மணிக்குப் பிரசவ வலி கண்டால் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குப் போக ஒரு வண்டி வேண்டும். காய்கறி ஏற்றவும் வைக்கோல் கட்டு ஏற்றவும் குட்டி யானை வேண்டும். புது வண்டிக்கு வசதியில்லாத குடும்பத்துக்குப் பழைய வண்டி ஆடம்பரமல்ல, தேவை. அதனால்தான் இதில் ஏமாறுவது அவ்வளவு வலிக்கிறது. பணக்காரர் ஒரு கார் போனால் இன்னொன்று வாங்குவார். இங்கே போவது ஒரு குடும்பத்தின் பல வருஷச் சேமிப்பு.

வண்டிக்குக் கடன் கொடுப்பதில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி. 1954இல் சென்னையில் சுந்தரம் ஃபைனான்ஸ் தொடங்கியது. வங்கிகள் வாசலில்கூட நிற்கவிடாத பழைய லாரிக்காரர்களுக்கும் கடன் கொடுக்கலாம் என்று 1979இல் இறங்கியது ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ். அந்தக் கடன்கள் பல ஆயிரம் டிரைவர்களை முதலாளி ஆக்கின. கடன் கெட்டதல்ல. விற்கிறவர் கடனை மறைப்பதும், வாங்குகிறவர் அதைப் பார்க்காமல் விடுவதும்தான் கெடுக்கின்றன.

சட்டம் யார் பக்கம்?

வண்டிக் கடனில் அடமானப் பொருள் கடன் வாங்கியவர் கையிலேயே இருக்கிறது, ரோட்டில் ஓடுகிறது. பார்க்கிறவருக்கு அது அவருடைய வண்டி. அதைச் சரிக்கட்டத்தான் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தன் 51ஆவது பிரிவில் ஓர் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. கடன் கொடுத்தவரின் பெயர் ஆர்.சி.யில் பதியப்படும். அந்தப் பெயர் இருக்கும்வரை, அவருடைய எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் ஆர்.டி.ஓ. அலுவலகம் வண்டியை வேறு பெயருக்கு மாற்றக் கூடாது. இதைத்தான் ஊரில் "ஹெச்.பி. இருக்கு" என்கிறோம்.

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 27ஆவது பிரிவில் இன்னொன்று சொல்கிறது. விற்கிறவருக்கு என்ன உரிமை இருக்கிறதோ அதற்கு மேல் வாங்குகிறவருக்கு வராது என்பது அதன் பொதுவிதி. விற்றவருக்குக் கடனோடு கூடிய வண்டிதான் இருந்தது என்றால், நீங்கள் முழு விலை கொடுத்திருந்தாலும் உங்களுக்கு வந்ததும் கடனோடு கூடிய வண்டிதான். "எனக்குத் தெரியாதுங்க" என்பது உண்மையாக இருக்கலாம். ஆர்.சி.யில் பெயர் எழுதியிருந்தும் பார்க்கவில்லை என்றால் அந்த உண்மைக்கு வலு குறைவு. தவணை முறைக் கொள்முதல் ஒப்பந்தமாக இருந்தால் நிலைமை இன்னும் கடுமை. கடைசித் தவணை கட்டும்வரை நிதி நிறுவனமே வண்டியின் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரிலும் சொல்லியிருக்கிறது.

அதே 51ஆவது பிரிவில், வாங்குகிறவர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு சங்கதி உண்டு. டியூ கட்டாததால் நிதி நிறுவனம் வண்டியை எடுத்துவிட்டது, பதிவு உரிமையாளர் ஆர்.சி.யைத் தரவில்லை அல்லது தலைமறைவாகிவிட்டார் என்றால், நிறுவனம் படிவம் 36 கொடுத்துத் தன் பெயருக்கே புதிய ஆர்.சி. கேட்கலாம். அதற்கு முன் ஆர்.டி.ஓ. நோட்டீஸ் அனுப்ப வேண்டும். யாருக்கு? பதிவு உரிமையாளருக்கு, அவருடைய முகவரிக்கு. பணம் கொடுத்து வண்டியை வாங்கி, பெயர் மாற்றாமல் ஓட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு அந்த நோட்டீஸ் வராது. உங்களுக்கே தெரியாமல் உங்கள் வண்டி சட்டப்படி இன்னொருவருடையதாகிவிடும்.

"மிச்ச டியூவை நீங்களே கட்டிக்கோங்க"

இந்த வட்டாரத்தில் அதிகம் பேசப்படுகிற, எனக்கு மிகவும் கவலை தருகிற வியாபாரம் இதுதான். "ரன்னிங் டியூவில் வண்டி" என்பார்கள். விற்கிறவர் எதையும் மறைப்பதில்லை. "இன்னும் இருபது டியூ இருக்குண்ணே. எனக்கு ஒண்ணேகால் லட்சம் குடுத்துடுங்க, மாசா மாசம் டியூவ நீங்க கட்டிடுங்க, முடிஞ்சதும் பேர் மாத்திக்கலாம்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மொத்தப் பணம் தேவையில்லை. புதிதாகக் கடன் விண்ணப்பம், சம்பளச் சீட்டு, சிபில் எதுவும் தேவையில்லை. ஒப்பந்த வேலையில் இருக்கும் பையனுக்கு வேறு யாரும் கடன் தராதபோது இது கடவுள் கொடுத்த வழிபோலத் தெரிகிறது.

உள்ளே இறங்கிப் பார்த்தால்தான் ஆழம் தெரியும். கடன் ஒப்பந்தம் விற்றவருக்கும் நிதி நிறுவனத்துக்கும் இடையிலானது. அதில் நீங்கள் யாருமே இல்லை. டியூவை அவர் கணக்கில் போடுகிறீர்கள். அந்தக் கணக்கில் வேறு ஒரு பாக்கிக்காக வங்கி அந்தப் பணத்தைப் பிடித்துக்கொண்டால், நீங்கள் கட்டியும் டியூ கட்டாததாகவே நிற்கும். இருபது டியூவையும் ஒழுங்காகக் கட்டி முடித்தாலும், கடன் முடிந்ததற்கான தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) போவது விற்றவரின் முகவரிக்கு. அதற்குள் அவருக்கு மனம் மாறலாம். வண்டி விலை ஏறியிருக்கலாம். அவர் இறந்துபோயிருக்கலாம். அப்போது வாரிசுகள் கையெழுத்துப் போட வேண்டும், அவர்களுக்கு உங்களை யார் என்றே தெரியாது.

வண்டி பெரிய விபத்தில் சிக்கி முழுச் சேதம் ஆனால், காப்பீட்டுப் பணம் முதலில் நிதி நிறுவனத்துக்கும் மீதி பாலிசிதாரருக்கும் போகும். பாலிசி விற்றவர் பெயரில் என்றால் நீங்கள் அந்த வரிசையிலேயே இல்லை. மூன்றாம் நபருக்கான காப்பீடு வண்டியோடு தானே மாறிவிடும். ஆனால் சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டை வாங்கியவர் பதினான்கு நாளுக்குள் விண்ணப்பித்துத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். ஹெச்.பி.யோடு, பெயர் மாற்றாமல் ஓடும் வண்டியில் அது பெரும்பாலும் நடப்பதேயில்லை.

கடனோடு வாங்கத்தான் வேண்டுமென்றால் ஒரே நேரான வழி, நிதி நிறுவனத்தையும் மேசைக்குக் கூப்பிடுவது. விற்றவருடைய கடனை முடித்து, உங்கள் பெயரில் புதுக் கடன் போட்டு, பழைய ஹெச்.பி.யை நீக்கிப் புதிய ஹெச்.பி.யோடு பெயர் மாற்றும் விண்ணப்பத்தைச் சேர்த்தே கொடுக்கலாம். பல நிறுவனங்கள் பழைய வண்டிக்குக் கடன் தருகின்றன. வட்டி புது வண்டியைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். அந்தக் கூடுதல் வட்டி, வண்டி உங்கள் பெயரில் இருப்பதற்காகக் கொடுக்கும் விலை. கொடுக்கலாம்.

போனில் தெரிவதும் தெரியாததும்

முதல் வேலை, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் வண்டி எண்ணை எம்பரிவாகன் செயலியிலோ பரிவாகன் இணையதளத்திலோ போட்டுப் பார்ப்பது. உங்கள் மொபைல் எண்ணைப் பதிந்தால் போதும். உரிமையாளர் பெயர் பாதி மறைத்து வரும். பதிவு தேதி, காப்பீடு எதுவரை, எஃப்.சி. எதுவரை, எந்த நிதி நிறுவனத்தின் பெயர் நிற்கிறது, கருப்புப் பட்டியலில் உள்ளதா என்பவையும் வரும். இ-செலான் தளத்தில் கட்டாத அபராதங்களைப் பார்க்கலாம். வாடகை வண்டி, சரக்கு வண்டி என்றால் சாலை வரி எதுவரை கட்டியிருக்கிறது என்று பாருங்கள், வரி பாக்கியும் வண்டியின் கடன்தான். டீக்கடையில் உட்கார்ந்தபடி முடிகிற வேலை இது. வீட்டில் பெரியவர்களுக்குப் போன் பழக்கமில்லையென்றால் பேத்தியிடம் கொடுங்கள்.

2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. ஆனால் உத்திரமேரூர் தெருக்களில் காஞ்சிபுரத்தின் டி.என். 21 வண்டிகளும் செங்கல்பட்டின் டி.என். 19 வண்டிகளும் கலந்தே ஓடுகின்றன. வண்டி எந்த அலுவலகத்துப் பதிவேட்டில் இருக்கிறது என்று பார்த்து, சந்தேகம் இருந்தால் அந்தப் பதிவு விவரங்களைக் கட்டணம் கட்டி எழுத்தில் வாங்குங்கள்.

இவ்வளவும் செய்தால் பாதிக் கிணறு தாண்டியதாக அர்த்தம். செயலியில் தெரிவது, ஆர்.டி.ஓ. பதிவேட்டில் யாராவது பதிந்தது மட்டுமே. அது இரண்டு விதமாகவும் தவறலாம். கடனை எப்போதோ கட்டி முடித்திருப்பார், என்.ஓ.சி.யை அலமாரியில் போட்டுவிட்டு ஹெச்.பி.யை நீக்காமலே விட்டிருப்பார். அந்த வண்டியில் வங்கியின் பெயர் நிற்கும், கடன் நிற்காது. இப்படிப்பட்ட விற்பனையாளர் நேர்மையானவர், அவரை நம்ப வைக்கப் படாதபாடு படுவார். பழைய என்.ஓ.சி.க்குப் பெரும்பாலும் மூன்று மாதம்தான் ஆயுள் என்பதால் வங்கியிடம் புதிதாக ஒன்று வாங்க வேண்டியிருக்கும்.

அதைவிட ஆபத்தானது மறுபக்கம். செயலியில் நிதி நிறுவனத்தின் பெயரே இருக்காது. ஆனால் கடன் இருக்கும். நம் ஊர்களில் ஆர்.சி. புக்கை வைத்துக் கைமாற்றாகப் பணம் கொடுப்பவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகப் பக்கமே போவதில்லை. அசல் ஆர்.சி., ஒரு சாவி, வாங்குகிறவர் பெயர் எழுதாத படிவம் 29, படிவம் 30இல் கையெழுத்து, இவற்றை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பணம் திரும்பாவிட்டால் அந்தக் கையெழுத்துகளை வைத்தே வண்டியை யார் பெயருக்கும் மாற்றிவிட முடியும். இந்தக் கடன் எந்தப் பதிவேட்டிலும் இல்லை, எந்தச் செயலியும் இதைக் காட்டாது.

2018 முதல் டிஜிலாக்கரிலும் எம்பரிவாகனிலும் உள்ள ஆர்.சி.யை அசலுக்குச் சமமாக ஏற்க வேண்டும் என்று மத்திய அரசு சொல்லியிருக்கிறது. ஓட்டுகிறவர்களுக்கு அது பெரிய வசதி. வாங்குகிறவருக்கு அதில் ஒரு பொறி இருக்கிறது. அசல் அட்டை எங்கோ ஒரு ஃபைனான்ஸ்காரர் பெட்டியில் இருக்க, விற்கிறவர் போனை நீட்டி, "ஆர்.சி. இதோ இருக்கே" என்பார். போலீஸ் சோதனைக்கு அது போதும். உங்களுக்குப் போதாது. அசல் அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். "தொலஞ்சு போச்சு" என்றால், அவரே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, படிவம் 26 போட்டு நகல் ஆர்.சி. வாங்கிய பிறகு பேசலாம். இரண்டு சாவியும் எங்கே என்று கேளுங்கள். ஒரு சாவி மட்டும் இருந்தால் இன்னொன்று எங்கே போனது என்பதற்கு ஒழுங்கான பதில் வேண்டும்.

பதிவேட்டில் ஏறாத கடனைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு, கேட்கக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. விற்கிறவர் தன் சிபில் அறிக்கையைத் தன் போனிலேயே எடுத்து, வண்டிக் கடன் இருக்கும் பக்கத்தை மட்டும் உங்களுக்குக் காட்டலாம். கடன் முடிந்ததா, ஓடுகிறதா, எத்தனை நாள் தாமதம் என்று அதில் இருக்கும். முடித்துவிட்ட கடனுக்கு மேல் திரும்ப ஒரு ரீஃபைனான்ஸ் வாங்கியிருந்தாலும் தெரியும். ஆர்.சி. புக்கை வைத்துத் தனியாரிடம் வாங்கிய கைமாற்று மட்டும் அதில் வராது. அதற்கு ஊர்க்காரர்களின் வாய்தான் அறிக்கை. விற்கிறவரின் தெருவுக்கே போங்கள். அவருடைய மெக்கானிக்கிடம் பேசுங்கள். பெண் கொடுக்கும் முன் விசாரிக்கிற ஊர் நம் ஊர், மூன்று லட்சம் கொடுக்கும் முன் விசாரிப்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

பணத்தை யாரிடம் கொடுப்பது?

ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காருக்கு ஒத்துக்கொண்ட விலை 3,20,000 ரூபாய். ஹெச்.பி. நிற்கிறது. விற்கிறவர், "முழுசா குடுத்துடுங்க, நாளைக்கே பேங்க்ல கட்டி என்.ஓ.சி. வாங்கித் தர்றேன்" என்கிறார். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பணம் கையில் விழுந்த அன்று அவருக்கு வேறு ஓர் அவசரம் இருக்கலாம், வேறு ஒரு கடன்காரர் வாசலில் நிற்கலாம். நல்லவர்களும் அப்படித்தான் தவறுகிறார்கள்.

அதனால் விற்கிறவரோடு வங்கிக் கிளைக்கோ ஃபைனான்ஸ் அலுவலகத்துக்கோ நீங்களும் போங்கள். கடனை முன்கூட்டி முடிப்பதற்கான ஃபோர்குளோஷர் கடிதம் கேட்டு வாங்குங்கள். அசல், வட்டி, தாமதக் கட்டணம், முன்கூட்டி முடிக்கும் கட்டணம் எல்லாம் சேர்த்து எந்தத் தேதிவரை எவ்வளவு என்று அதில் இருக்கும். அது 1,40,000 என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தொகையை டி.டி.யாகவோ வங்கி மாற்றமாகவோ நேரடியாக அந்தக் கடன் கணக்கிலேயே கட்டி ரசீது வாங்குங்கள். மீதி 1,80,000 விற்கிறவருக்கு. அதிலும் ஒரு இருபதாயிரத்தை, ஹெச்.பி. நீங்கிப் பெயர் மாறும்வரை நிறுத்தி வைப்பதாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் இன்னொரு கேள்வியை மேலாளரிடமே கேட்க வேண்டும்: "இவருக்கு உங்ககிட்ட வேற ஏதாவது லோன் இருக்கா? யாருக்காவது ஜாமீன் போட்டிருக்காரா?" பல நிறுவனங்கள், இந்த வண்டிக் கடன் முடிந்தாலும், அதே ஆளின் டிராக்டர் கடனோ மச்சானுக்குப் போட்ட ஜாமீனோ பாக்கி இருந்தால் என்.ஓ.சி. தராமல் நிறுத்திவிடும். ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் அதற்கு இடம் வைத்திருப்பார்கள். இது தெரியாமல் 1,40,000 கட்டிவிட்டு, வங்கிக்கும் விற்றவருக்கும் நடுவில் அலைந்தால் நாள்கள்தான் போகும். "வேறு பாக்கி இல்லை, இந்தத் தொகை கட்டினால் என்.ஓ.சி. தருவோம்" என்று கடிதத்திலோ மின்னஞ்சலிலோ வாங்கிக்கொண்டு கட்டுங்கள்.

கடன் முடிந்ததும் நிறுவனம் தர வேண்டியவை இரண்டு. ஒன்று என்.ஓ.சி., மற்றது அதன் கையெழுத்தும் முத்திரையும் உள்ள படிவம் 35. இவை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போனால்தான் ஆர்.சி.யிலிருந்து ஹெச்.பி. நீங்கும். விற்கிறவர் ஏற்கெனவே கையில் என்.ஓ.சி. வைத்திருந்தால் அதில் உள்ள கடன் எண்ணைக் கொண்டு கிளையில் நேரே விசாரியுங்கள். காகிதத்தில் அச்சடித்த தொலைபேசி எண்ணுக்கு அழைத்து விசாரிக்காதீர்கள், போலி என்.ஓ.சி. அடிப்பவர் போலி எண்ணையும் அடிப்பார்.

என்.ஓ.சி. தருவதில் இழுத்தடிப்பதற்கும் ரிசர்வ் வங்கி ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது. 2023 செப்டம்பரில் வந்த சுற்றறிக்கைப்படி, தனிநபர் கடன் முழுதாகக் கட்டி முடிந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பிக் கொடுத்து, பதிவேடுகளில் உள்ள பிணைப்பையும் நீக்க வேண்டும். நிறுவனத்தின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கடன் வாங்கியவருக்கு இழப்பீடு தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதி இது. சொந்த உபயோகத்துக்கு வாங்கிய கார்க் கடனுக்கும் பொருந்தும். கிளையில் அலையவிட்டால் இந்தச் சுற்றறிக்கையை எடுத்து மேசையில் வையுங்கள்.

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "வண்டிய குடுத்தாச்சு, பணம் வந்தாச்சு, பேரை அவர் மெதுவா மாத்திக்கட்டும்" என்று இருந்துவிடாதீர்கள். 2007இல் விற்று, பெயர் மாறாமலே பல கை மாறிப்போன ஒரு கார் 2009இல் விபத்து ஏற்படுத்தியது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, பதிவேட்டில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. விற்ற 14 நாளுக்குள் படிவம் 29 மூலம் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை.

பதிவேடு பேச வேண்டும்

வாங்குகிறவர் இத்தனை கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்லும்போதே, ஏன் எல்லாச் சுமையும் அவர் தலையில் என்ற கேள்வியும் எழுகிறது. மற்ற நாடுகள் இதை எப்படிச் சமாளித்தன? பிரிட்டனில் 1964ஆம் ஆண்டுச் சட்டமே, தவணைக் கடன் பாக்கியிருப்பது தெரியாமல் நல்லெண்ணத்தோடு வண்டி வாங்கிய தனிநபருக்கு அந்த வண்டியைச் சொந்தமாக்கிவிடுகிறது. நிதி நிறுவனம் விற்றவரைத்தான் துரத்த வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2012 ஜனவரி முதல் அசையும் சொத்துகளின் மேல் உள்ள கடன்களுக்கு நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு. இரண்டு டாலர் கட்டி வண்டியின் எண்ணைப் போட்டால் சான்றிதழ் வரும். கடன் இல்லை என்று அது சொல்லி, அன்றோ மறுநாளோ நீங்கள் வாங்கிவிட்டால், பதியாமல் விட்ட கடன்காரர் பிறகு உங்களிடம் வர முடியாது. இலங்கையில் லீசிங்கில் எடுத்த வண்டியின் பதிவுச் சான்றிதழில், முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயரே நிற்கிறது.

நம்மிடம் வாகன் பதிவேடு இருக்கிறது, நாடு முழுக்கக் கணினியில் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான். பதிவேட்டை நம்பி வாங்கியவருக்குப் பாதுகாப்பு. "ஆர்.சி.யில் பதியாத கடனுக்காக, நம்பிக்கையோடு வாங்கியவரின் வண்டியைத் தொடக் கூடாது" என்று ஒரு வரி சட்டத்தில் ஏறினால், கடன் கொடுக்கிற ஒவ்வொருவரும் மறுநாளே ஓடிப்போய்ப் பதிவார்கள். ஆர்.சி. புக்கை வாங்கிப் பெட்டியில் வைக்கும் வியாபாரம் தானாக நிற்கும். இது நடக்காத காரியமல்ல. வங்கிகளின் கடன் வசூலுக்கான சர்ஃபேசி சட்டத்தின்படி வீட்டு அடமானத்தை ஏலத்துக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் அதை மத்தியப் பதிவகத்தில் பதிந்திருக்க வேண்டும் என்பது 2020 ஜனவரியிலிருந்தே நடைமுறை. வீட்டுக்கு முடிந்தது வண்டிக்கு ஏன் முடியாது? பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும், கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் குடவோலைத் தேர்தலில் சேர்க்கக் கூடாது என்று எல்லார் கண்ணிலும் படும்படி சுவரில் வெட்டி வைத்த ஊர் உத்திரமேரூர். இந்தக் கோரிக்கை இங்கிருந்து கிளம்பினால் பொருத்தமாகவே இருக்கும்.

ஒரு நல்ல மாற்றம் ஏற்கெனவே வந்திருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி வாங்கி விற்கும் கன்சல்டிங்காரர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும், வண்டி தங்களிடம் ஒப்படைக்கப்பட்டதைப் பரிவாகன் மூலம் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. கன்சல்டிங்கில் வாங்கினால் அந்த அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். ரசீது அவர் கடைப் பெயரில் வாங்குங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டி வந்தால் அந்த ரசீதுதான் துணை. தனி ஆளிடம் வாங்கினால் அந்த வழி எளிதில் கிடைக்காது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவருக்கு

வண்டியை எடுக்க ஆள் வந்துவிட்டால் கைகலப்பு வேண்டாம். அதே நேரம், வந்தவர் சொல்வதையெல்லாம் அப்படியே ஏற்கவும் வேண்டாம். அடியாள்களை வைத்து வண்டி பறிப்பதை 2007இலேயே உச்ச நீதிமன்றம் கண்டித்திருக்கிறது. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் கடன் வசூலுக்காகத் தொல்லை தரக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. அடுத்த மாதமே ஜார்க்கண்டில் டிராக்டர் எடுக்க வந்த இடத்தில் ஒரு கர்ப்பிணி உயிரிழக்க, சம்பந்தப்பட்ட நிறுவனம் வெளி ஆள்களை வைத்து வண்டி எடுப்பதை ரிசர்வ் வங்கி உடனே நிறுத்தியது. அங்கீகாரக் கடிதத்தையும் அடையாள அட்டையையும் கேட்டுப் படம் எடுங்கள். காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுங்கள். வண்டியில் உள்ள உங்கள் பொருள்களை எடுத்துக்கொண்டு, வண்டியை எடுத்துச் சென்றதற்கு எழுத்தில் ஒப்புகை பெறுங்கள்.

பிறகு தாமதிக்காமல் நிதி நிறுவனத்தின் கிளைக்குப் போங்கள். வண்டியை ஏலம் விடுவதற்கு முன் கடனைக் கட்டி மீட்க அவகாசம் கொடுத்து விற்றவருக்கு நோட்டீஸ் போயிருக்கும். பாக்கித் தொகை வண்டி மதிப்பைவிடக் குறைவு என்றால், அதை நேரடியாகக் கட்டி, அந்தச் செலவை விற்றவர்மேல் வழக்காகப் போடுவது பல நேரங்களில் வண்டியை இழப்பதைவிட மேல். கட்டுவதற்கு முன் என்.ஓ.சி. தருவதாக எழுத்தில் வாங்க வேண்டும் என்பது இங்கேயும் பொருந்தும். கடனை மறைத்து விற்றவர்மேல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவில் மோசடிப் புகார் கொடுக்கலாம். 2024 ஜூலைக்கு முன் நடந்த விற்பனை என்றால் பழைய 420. "இது சிவில் மேட்டர்" என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பினால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். விற்றவர் "கடன் இல்லை" என்று சொன்ன வாட்ஸ்அப் செய்தி, பணம் கொடுத்த வங்கிப் பதிவு, சாட்சிக் கையெழுத்து உள்ள ஒப்பந்தம், இந்த மூன்றின் நகலும் புகாரோடு போக வேண்டும்.